உதடு தளர்வதற்குள்

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய ‘பொலேரோ’ 1928-இல் பாரிஸில் அரங்கேறியது. அதில் ஒரே தாளம் கடைசி வரை ஓடிக்கொண்டிருக்கும். மெட்டும் கிட்டத்தட்ட ஒன்றேதான், வாசிக்கும் வாத்தியம்தான் மாறும். முதலில் புல்லாங்குழல், அப்புறம் கிளாரினெட், பிறகு பஸூன், சாக்ஸபோன் என்று மெட்டு கைமாறிக்கொண்டே வரும். டிராம்போன் என்ற பித்தளை வாத்தியத்தை ஊதுபவர் இத்தனை நேரமும் அதை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஏழெட்டு நிமிடம் இப்படியே போகும். உதடு ஆறிப்போயிருக்கும். திடீரென்று அவர் முறை வரும். முதல் ஸ்வரமே உச்சியில் ஒரு பி-ஃபிளாட், அங்கிருந்து டி-ஃபிளாட் வரை ஏற வேண்டும். அதையும் முழக்கமாக அல்ல, பாடுவதுபோல் குழைத்து வாசிக்க வேண்டும். மறைத்துக்கொள்ளப் பக்கத்தில் பெரிய சத்தம் எதுவும் இருக்காது. பிசகினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்.

ஆர்கெஸ்ட்ராக்களில் டிராம்போன் இடம் காலியாகித் தேர்வு நடந்தால், இந்தச் சில வரிகளை வாசித்துக் காட்டச் சொல்வது வழக்கம். இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குத் தேர்ந்த கலைஞர் எப்படித் தயாராகிறார்? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: நூறு தடவை வாசித்திருப்பார், இருநூறு தடவை வாசித்திருப்பார். பியானோவிலோ வயலினிலோ அப்படிச் செய்யலாம். விரல் வலித்தாலும் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பித்தளை வாத்தியத்தில் அது நடக்காது. உச்ச ஸ்தாயியில் ஓர் இடத்தை விடாமல் பத்துப் பதினைந்து முறை ஊதினால் உதடு தளர்ந்துவிடும். தளர்ந்த உதட்டோடு மேற்கொண்டு ஊதினால் உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸை முகத்தில் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் உதட்டில் ரத்த ஓட்டம் குறையும், இன்னும் தளரும். அதற்குமேல் செய்வதெல்லாம் தவறுக்குச் செய்யும் சாதகம்தான்.

ஆகவே இவர்களுடைய வித்தை, கஷ்டமான இடத்தை எவ்வளவு குறைவாக ஊதிக் கற்றுக்கொள்வது என்பதில் இருக்கிறது. உதடு ஒரு சிறிய சம்பளம் மாதிரி. எதற்குச் செலவிடுவது, எதற்குக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் கணக்குப் போட வேண்டும்.

இந்த வாத்தியங்கள் வேலை செய்யும் விதத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும். நாகஸ்வரத்துக்குச் சீவாளி உண்டு. டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா எதற்கும் சீவாளி கிடையாது, உதடேதான் சீவாளி. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் வேண்டுமென்றால் உதடு விநாடிக்கு 440 முறை அதிர வேண்டும். குழாயின் நீளத்தை மாற்றாமலே, உதட்டின் இறுக்கத்தையும் காற்றையும் மாற்றி ஒரே குழாயில் பல ஸ்வரங்களை எழுப்பலாம். ஆனால் எல்லா ஸ்வரமும் வராது, ஒரு குறிப்பிட்ட வரிசைதான் வரும். அந்த வரிசையில் கீழே உள்ள ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம், மேலே போகப் போக நெருக்கம். டிராம்போனின் இழுகுழாயை முழுதும் உள்ளே வைத்தால் ‘பொலேரோ’வின் அந்த பி-ஃபிளாட் எட்டாவது படி. அதற்கு மேல் படி ஒரு முழு ஸ்வர தூரத்தில் இருக்கிறது. கீழ்ப் படியும் ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான், அதிலும் சற்று ஸ்ருதி இறங்கி. கை அசையவே வேண்டாம், உதடு கொஞ்சம் ஏமாந்தால் ஸ்வரம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடும். ஹார்னில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். சுமார் 12 அடி நீளக் குழாயை வைத்துக்கொண்டு, படிகள் நெருக்கமாக இருக்கும் மேல்பகுதியிலேயே பெரும்பாலும் குடியிருக்க வேண்டிய வாத்தியம் அது. நல்ல ஆர்கெஸ்ட்ராவிலும் ஹார்ன் எப்போதாவது உடைந்து கேட்பது இதனால்தான், அலட்சியத்தால் அல்ல.

ஊதுவதற்கு முன்பே ஸ்வரம் காதுக்குள் கேட்டாக வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம். பியானோக்காரர் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வந்துவிடும், அவர் மனதில் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தாலும். பித்தளையில் எந்த ஸ்வரம் வேண்டுமென்று உதட்டுக்குத் தெரியாவிட்டால், குழாயின் நீளத்தை மாற்றும் வால்வை விரலால் அழுத்திப் பயனில்லை. அதனால் கஷ்டமான ஓர் இடம் கையில் வந்தவுடன் பல கலைஞர்கள் வாத்தியத்தை எடுப்பதில்லை. பாடிப் பார்க்கிறார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, ஸ்ருதி சரியாக இருந்தால் போதும். பாடும்போது தடுக்கும் இடம் ஊதும்போதும் தடுக்கும், பெரும்பாலும் அதே ஸ்வரத்தில். நம் ஊரில் நாகஸ்வரக்காரர்கள் வாய்ப்பாட்டை இவ்வளவு முக்கியமாகக் கருதுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தப் பாடும் வழியைப் பெரிய கொள்கையாகவே வளர்த்தவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் டியூபா வாசித்தவர். டியூபாவுக்கு மட்டுமல்ல, எல்லா ஊதுவாத்தியங்களுக்கும் ஆசானாக இருந்தார், ஊர் ஊராக மாணவர்கள் தேடி வந்தார்கள். பாட்டு, காற்று என்ற இரண்டே சொற்களில் அவருடைய பாடத்தைச் சுருக்கிச் சொல்வார்கள். மனதில் அந்த ஒலி தெளிவாகப் பாட வேண்டும், நுரையீரலிலிருந்து காற்று தடையில்லாமல் ஓட வேண்டும். உதட்டுத் தசை என்ன செய்கிறது என்று எண்ணிக்கொண்டே ஊதினால் எல்லாம் இறுகிவிடும் என்பது அவர் கட்சி. மாணவர் ஓர் இடத்தில் திணறினால் வாத்தியத்தை வாங்கி வைத்துவிட்டு, வெறும் மவுத்பீஸில் அந்த மெட்டை ஊதச் சொல்வார். மூச்சுப் பயிற்சிக்கு மருத்துவமனைகளில் பயன்படும் கருவிகளைக்கூடத் தன் வகுப்பில் வைத்திருந்தார்.

வெறும் மவுத்பீஸில் ஊதினால் கேட்கச் சகிக்காது, தேனீ பாடுவதுபோல் இருக்கும். ஆனால் வாத்தியக் குழாய் செய்யும் உதவி அங்கே கிடையாது. குழாயோடு ஊதும்போது பாதி வழி தவறிய உதட்டைக் குழாயே பிடித்து அருகிலுள்ள படியில் நிறுத்திவிடும். மவுத்பீஸில் அந்தப் படிகளே இல்லை, உதடு சொல்வதுதான் ஸ்வரம். அபஸ்வரம் எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

இதே சிகாகோவில் இதற்கு நேர்மாறாக யோசித்த ஒருவரும் இருந்தார் என்பது சுவாரஸ்யம். ஜேக்கப்ஸ் இருந்த அதே மேடையில் முதல் ஹார்ன் வாசித்த ஃபிலிப் ஃபார்க்காஸ், உதட்டை எப்படிக் குவிப்பது, மவுத்பீஸை எங்கே வைப்பது, தசைகள் எப்படி இழுபடுகின்றன என்று விளக்கி 1956-இலும் 1962-இலும் நூல்கள் எழுதினார். இரண்டாவது நூலில் தன் சக கலைஞர்களின் உதடுகளையே படம் பிடித்துப் போட்டிருக்கிறார். ஒருவர் தசையை மறந்துவிடு என்கிறார், மற்றவர் தசையைப் பார் என்கிறார். இருவரும் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் பல வருடம் சேர்ந்து ஊதினார்கள், பிரமாதமாகவே ஊதினார்கள்.

பின்னாளில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் ஹார்ன் கலைஞர்களைப் படுக்க வைத்து, காந்தம் இழுக்காத உலோகத்தில் செய்த ஹார்னை ஊதச் சொல்லிப் படம் பிடித்தார்கள். பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் ஹார்ன் கலைஞர் சாரா வில்லிஸும் அதில் ஊதினார். ஸ்வரம் ஏற ஏற வாய்க்குள் நாக்கு இடம் மாறிக்கொண்டே போவது அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிகிறது. நன்றாக ஊதுபவர்கள் பலர் இதை அறியாமலே செய்துவந்தவர்கள். என் மட்டில், ஏதோ பழுதாகும்போது ஃபார்க்காஸ் வழி உதவும், மேடையில் ஜேக்கப்ஸ் வழி உதவும் என்று நினைக்கிறேன்.

சரி, பாடியாயிற்று. இப்போது ஊதித்தானே ஆக வேண்டும்? இங்கேதான் தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் பிரிகிறார்கள். பேண்டில் கற்கும் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். தடுக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்கள். நன்றாக வரும் பகுதி இன்னும் நன்றாக வரும், தடுக்கும் இடம் தடுத்துக்கொண்டே இருக்கும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டியூக்கும் உடன் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பியானோவில் பரிசோதித்தது. தேர்ந்த 17 மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் ஒரு கன்செர்ட்டோவிலிருந்து (தனி வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் இசை) மூன்றே மூன்று பார்கள், அதாவது தாளச் சுற்றுகள், கொண்ட கடினமான இடத்தைக் கொடுத்து, விரும்பிய நேரம் சாதகம் செய்யச் சொன்னார்கள். மறுநாள் வாசிக்கச் சொல்லித் தரவரிசைப்படுத்தினார்கள். எவ்வளவு நேரம் சாதகம் செய்தார்கள், எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் தரவரிசைக்கும் சம்பந்தமே இல்லை. முன்னணியில் வந்தவர்களும் தவறு செய்யத்தான் செய்தார்கள். ஆனால் தவறு எங்கே, எதனால் என்று துல்லியமாகக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மெதுவாக்கி, சரியாகும் வரை விடவில்லை. பியானோவிலேயே இப்படி என்றால், உதடு களைக்கும் வாத்தியத்தில் சொல்லவே வேண்டாம்.

முஸோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ பியானோவுக்கு எழுதப்பட்டது. அதை 1922-இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியவரும் ராவெல்தான். பித்தளைக்காரர்களைப் பழிவாங்க வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இருந்ததோ என்னவோ. அதில் ஒரு பணக்காரரும் ஓர் ஏழையும் பேசிக்கொள்ளும் காட்சி வரும். ஏழையின் கெஞ்சல், ஒலியை அடக்கும் அடைப்பான் செருகிய டிரம்பெட்டில். ஒரே ஸ்வரம் படபடவென்று மும்மூன்றாகத் திரும்பத் திரும்ப வரும், நடுவில் சின்னச் சின்ன அசைவுகள், தம் வாங்க இடமே இருக்காது. இதை முழு வேகத்தில் நாலு தடவை ஊதினாலே அன்றைய உதடு தீர்ந்தது.

தேர்ந்தவர் இதை எப்படி அவிழ்க்கிறார்? முதலில் படபடப்பை எடுத்துவிடுவார். திரும்பத் திரும்ப வரும் ஸ்வரத்தை ஒரே நீண்ட ஸ்வரமாக்கி, அசைவுகளையும் நீக்கிவிட்டால் உள்ளே ஓர் எளிய மெட்டு கிடைக்கும், எலும்புக்கூடு மாதிரி. அதை அடைப்பான் இல்லாமல், ஒரு ஸ்தாயி கீழே, நாக்கு படாமல் இழைத்து ஊதுவார். காற்று எங்கே தேங்குகிறது என்று அப்போது தெரியும். தேங்காமல் ஓடிய பிறகு அசைவுகளை மட்டும் சேர்ப்பார். கடைசியில்தான் நாக்கு, அதற்கும் கடைசியில்தான் மேல் ஸ்தாயியும் அடைப்பானும். கீழ் ஸ்தாயியில் ஊதுவது ஏமாற்று வேலை அல்ல. நாக்கு, காற்று, தாளம் எல்லாம் அங்கேயே கற்றாகிவிடும். உதட்டுக்கு மட்டும் செலவு கால்வாசிதான்.

நாக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரிக்க நாக்கால் காற்றை வெட்டுவதை நாகஸ்வரத்தில் துத்துக்காரம் என்பார்கள். பித்தளையிலும் அதேதான். வேகம் கூடினால் ஒரே ‘து’ போதாது, ‘து-கு, து-கு’ என்று நாக்கின் நுனியையும் பின்பகுதியையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். மும்மூன்றாக வந்தால் ‘து-து-கு’. கன்செர்வத்துவார் என்ற பாரிஸ் இசைக்கல்லூரியில் பாடம் சொன்ன ஆர்பான் 1864-இல் வெளியிட்ட பெரிய பாடநூலில் இதற்கென்றே பக்கம் பக்கமாகப் பயிற்சிகள் இருக்கின்றன. இன்றும் உலகம் முழுக்க டிரம்பெட் மாணவர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள். நம் ‘தக’, ‘தகிட’ சொற்கட்டுகள் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே இராது. எல்லோருக்கும் ‘கு’ தான் சோப்ளாங்கி. அதனால் சில நாள் ‘கு-கு-கு’ என்று அதை மட்டும் தனியாக ஓட்டுவார்கள். வாத்தியமே வேண்டாம், பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம், பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான்.

விரல் வேகத்துக்கு இன்னொரு வழி. அமெரிக்காவின் சூஸா பேண்டில் கார்னெட் (டிரம்பெட்டைப் போன்ற வாத்தியம்) ஊதிய புகழ்பெற்ற கலைஞர் ஹெர்பர்ட் கிளார்க் 1912-இல் வெளியிட்ட பயிற்சி நூலில், ஒரு சிறு வரியை ஒரே தம்மில் 8 முதல் 16 முறை ஊதச் சொல்கிறார். படித்தவுடன் மலைப்பாக இருக்கும். ரகசியம், அதை மிக மெல்லிய சத்தத்தில் ஊத வேண்டும் என்பது. கிசுகிசுப்பதுபோல் ஊதினால் காற்றும் நிறைய நேரம் வரும், உதடும் களைக்காது. பலத்தால் எதையும் மறைக்கவும் முடியாது. சத்தமாக ஊதுபவர் பிசகை முரட்டுத்தனத்தால் சமாளிப்பார், மெல்ல ஊதும்போது பிசகு அப்படியே வெளியே தெரியும்.

மெதுவாக வாசித்து, தாள வேகம் காட்டும் மெட்ரோனோமை ஒவ்வொரு புள்ளியாக ஏற்று என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். சொல்வது சரிதான், ஆனால் பித்தளையில் அதற்கு ஒரு வினை உண்டு. பாதி வேகத்தில் ஊதினால் அதே வரிக்கு இரண்டு மடங்கு காற்று வேண்டும். மெதுவாகப் பழகும்போது நடுவில் தம் வாங்கிப் பழகியவர் முழு வேகத்திலும் அங்கேயே வாங்குவார், மெட்டு முறியும். அதனால் தேர்ந்தவர்கள் இரண்டு பக்கமிருந்தும் வருகிறார்கள். ஒரு பக்கம் முழு வரியும் மெதுவாக. இன்னொரு பக்கம் நாலே நாலு ஸ்வரம், ஆனால் முழு வேகத்தில். நிறுத்து, மூச்சு விடு, அடுத்த நாலு. பிறகு எட்டு. சிலர் கடைசி நாலு ஸ்வரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். வரி முடிய முடியத் தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்போம் என்பதால் பயம் குறைகிறது. தம் வாங்கும் இடங்களைப் பென்சிலால் தாளில் குறித்து வைத்து, ஸ்வரத்தைப் போலவே அதையும் மனப்பாடம் செய்கிறார்கள்.

ஊதிய அளவு ஓய்வு என்பது எழுதப்படாத சட்டம். ஒரு நிமிடம் ஊதினால் ஒரு நிமிடம் வாத்தியம் மடியில். அந்த ஒரு நிமிடமும் வீணாவதில்லை. செல்போனில் பதிவு செய்ததைக் கேட்பார்கள், அல்லது சத்தமில்லாமல் வால்வை மட்டும் அழுத்தி மனதுக்குள் வாசிப்பார்கள். ஊதும்போது காதில் கேட்பதும் எதிரே இருப்பவருக்குக் கேட்பதும் ஒன்றல்ல என்பதால், பதிவு பலருக்கு முதல் தடவை அதிர்ச்சியாகவே இருக்கும்.

இவ்வளவும் செய்து ஓர் இடம் வீட்டில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல். வீட்டில் ஐந்தாவது முறை வந்தது, மேடையில் முதல் முறையே வர வேண்டும். ஒன்றையே தொடர்ந்து செய்வதைவிடக் கலந்து கலந்து செய்தால் கற்றது நிலைக்கும் என்று ஷே, மார்கன் என்ற இருவர் 1979-இல் ஒரு கைவேலைப் பரிசோதனையில் காட்டினார்கள். கலந்து செய்தவர்கள் பயிற்சியின்போது மோசமாகச் செய்தார்கள், பின்னர் சோதித்தபோது நன்றாகச் செய்தார்கள். ஆர்கெஸ்ட்ரா தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். தேர்வாளர்களுக்கு ஆள் தெரியாதபடி திரைக்குப் பின்னால் இருந்து, மொஸார்ட், ராவெல், ரோஸினி, மாலர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களை அடுத்தடுத்து ஒரே ஒரு முறை வாசிக்க வேண்டும். அதனால் இடங்களின் பெயரைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கிண்ணத்தில் போட்டு, குலுக்கி எடுத்து, வந்ததை ஒரு முறை மட்டும் ஊதிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போகிறார்கள். சொதப்பினாலும் திரும்ப ஊதக் கூடாது. மாடிப்படி ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போது ஊதிப் பார்ப்பவர்களும் உண்டு. பதற்றத்தில் உடம்பு இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே பழகிக்கொள்கிறார்கள்.

‘பொலேரோ’வுக்கும் இதே வழிதான். சூடேற்றிக்கொண்டு ஊதினால் அந்த பி-ஃபிளாட் வந்துவிடும், அது பரிசோதனையே அல்ல. சமையல் வேலையோ புத்தகமோ, பத்து நிமிடம் வேறு எதையாவது செய்துவிட்டு, வந்து வாத்தியத்தை எடுத்து, ஒரு மூச்சு, ஒரே ஒரு முயற்சி. வந்ததா, வரவில்லையா என்று குறித்துக்கொண்டு போய்விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலு அல்லது ஐந்து முயற்சிக்கு மேல் கிடையாது. மாதக் கணக்கில் இப்படிச் செய்தால், அந்த முதல் ஸ்வரம் எங்கே இருக்கிறது என்று உதட்டுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

சில இடங்களில் சாதகம் மட்டும் தீர்வல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாக் 1721-இல் கையளித்த பிராண்டன்பர்க் கன்செர்ட்டோக்களில் இரண்டாவதைப் பெரும்பாலோர் சாதாரண டிரம்பெட்டில் முயல்வதில்லை, பாதி நீளக் குழாய் கொண்ட பிக்கோலோ டிரம்பெட்டை எடுக்கிறார்கள். ‘கண்காட்சிச் சித்திரங்க’ளில் மாட்டுவண்டிக் காட்சியின் டியூபா தனி வாசிப்பை ராவெல் அக்காலப் பிரெஞ்சுச் சிறு டியூபாவை நினைத்து எழுதினார். இன்றைய பெரிய டியூபாவில் அது மிகவும் உயரம் என்பதால் பல ஆர்கெஸ்ட்ராக்களில் டியூபாவைவிடச் சிறிய யூஃபோனியத்திடம் போய்விடுகிறது. முதல் ஹார்ன்காரருக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து முழங்கும் இடங்களை அவர் ஊதிக் கொடுப்பதும் வழக்கம். தனி வாசிப்பு வரும்போது முதல்வரின் உதடு மிச்சமிருக்க வேண்டுமே. ஒத்திகையில் உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே ஊதிவிட்டு, கச்சேரிக்கு மட்டும் மேலே போகிறவர்களும் உண்டு.

டிராம்போன்காரர் ஏழெட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று தொடக்கத்தில் எழுதினேன். உண்மையில் அவர் சும்மா இருப்பதில்லை. குழாய் குளிர்ந்தால் ஸ்ருதி இறங்கிவிடும். அதனால் பஸூன் வாசித்துக்கொண்டிருக்கும்போதும் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருக்கும்போதும், யாருக்கும் தெரியாமல் மவுத்பீஸ் வழியாக வெறும் சூடான காற்றை மெல்ல உள்ளே விட்டுக்கொண்டிருப்பார். தலைக்குள் அந்த பி-ஃபிளாட் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும்.